குண்டூசி குத்தியும் தெரியாத கால்: நீரிழிவில் நரம்பு பாதிப்பு வெளிப்பட்ட ஒரு நிகழ்வு

காவிரி டெல்டாவில் ஒரு நகரத்து நீரிழிவு கிளினிக்கில் பாதப் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 2023 தீபாவளி முடிந்த கையோடு எங்களிடம் வந்த ஒருவரின் நிலையை, அவருடைய சம்மதத்தோடும் அவர் மனைவியின் சம்மதத்தோடும் இங்கே பதிவு செய்கிறேன். இருவரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். காலில் வலி இருந்தால் யாரும் சொல்லிவிடுகிறார்கள். உணர்ச்சி குறைந்துகொண்டே போவதைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு. பலருக்கு அது தெரிவதே இல்லை. இவர் விஷயத்தில் அது எங்கெங்கே தலைகாட்டியது என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி

வயது 56. கடைவீதியில் சொந்தமாகத் தையற்கடை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை மெஷின்தான். புகை, மது இரண்டும் இல்லை. 2011-ல் ஒரு கண் பரிசோதனை முகாமுக்குப் போன இடத்தில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மெட்ஃபார்மின். சில வருடங்கள் கழித்துக் கிளிமிபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் சேர்ந்தன.

வேறொரு இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர், கோவிட் காலத்துக்குப் பிறகு பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலிலேயே மாத்திரை வாங்கத் தொடங்கினார். கொண்டுவந்த பையில் பன்னிரண்டு வருடச் சீட்டுகளும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்பது எல்லாவற்றிலும் இருந்தது. காலைப் பார்த்ததாக ஒரு சீட்டில்கூட எழுதியிருக்கவில்லை.

டைப் 2 நீரிழிவு பெரும்பாலும் சில வருடங்கள் சத்தமில்லாமல் உடம்பில் இருந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. அதனால் நோய் தெரிந்த அன்றே பாத நரம்புகளைச் சோதிக்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது முறை. டைப் 1 என்றால் நோய் தெரிந்து ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்கள்

அந்த வருடம் ஆடி மாதத்திலேயே மெஷின் சரியில்லை என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். லேசாக மிதித்தாலே மோட்டார் பறந்தது. காலர் திருப்பும் இடத்தில் தையல் கோட்டைத் தாண்டி ஓடியது. மெக்கானிக்கை வரவழைத்து மிதியை மாற்றினார். புது மிதியும் அதே கதைதான். பெல்ட்டையும் மாற்றினார். கடையில் இருந்த பையன் அதே மெஷினில் உட்கார்ந்து தைத்தபோது ஒரு குறையும் இல்லை. "உன் கால் லேசு, என் கால் பாரம்" என்று சொல்லி அவர் அந்த விஷயத்தை அதோடு விட்டுவிட்டார்.

மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதமும் கணுக்காலும்தான் மூளைக்குச் சொல்கின்றன. அந்தச் செய்தி குறைந்தால் கால் தேவைக்கு மேல் அழுத்தும். இந்த விவரம் எங்களுக்கு முதல் நாள் கிடைக்கவில்லை. காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், வேலை எப்படிப் போகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் வந்தது.

வீட்டில் வேறு மாற்றங்களும் இருந்தன. படுத்ததும் இரண்டு உள்ளங்காலும் திகுதிகுவென்று எரியும். போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். பகலில் மெஷினில் இருக்கும்போது அவ்வளவு தெரியாது. செருப்பு ஒன்று காலிலிருந்து கழன்று தெருவில் கிடக்க, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். மனைவி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் தடுமாறிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடியதும் நிலை தவறுவது, பாதம் இருக்கும் இடத்தை மூளை கண்ணால் பார்த்துத்தான் அறிகிறது என்பதற்கு அடையாளம்.

எரிச்சலை அவர் "நரம்புத் தளர்ச்சி" என்று எடுத்துக்கொண்டார். மெடிக்கலில் கேட்டு, சத்து மாத்திரைகளை நினைத்தபோது வாங்கிப் போட்டார். பக்கத்துக் கடைக்காரர் சொன்னபடி கல்லுப்புப் போட்ட வெந்நீரில் இரவில் காலை வைத்துக்கொண்டார். சூடு பார்த்தது அவர் கால்தான். மனைவி ஒருநாள் அந்த அண்டாவைத் தூக்கப் போய்க் கை சுட்டு அலறியிருக்கிறார். அதற்குப் பிறகு வெந்நீர் வைக்க விடவில்லை. அவர் காலில் கொப்புளம் வராமல் தப்பித்தது அந்த அம்மாவால்தான்.

குண்டூசி

கடையின் நிலைப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மெஷினில் உட்காருவது வழக்கம். தீபாவளி அவசரத்தில் தரையெல்லாம் வெட்டுத்துணி, நூல், குண்டூசி. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்தவர் கூடத்தில் நடந்து போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் தரை துடைக்கும்போது, மொசைக்கில் வரிசையாகக் காய்ந்த ரத்தப் பொட்டுகளை மனைவி பார்த்தார். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே தடித்திருந்த தோலில் குண்டூசி தலைவரை இறங்கியிருந்தது.

"நான் பிடுங்கினப்போ காலை இழுத்துக்கக்கூட இல்ல சிஸ்டர். பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தாங்க" என்று மனைவி எங்களிடம் சொன்னார். ரத்தத்தைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. அன்றே பக்கத்தில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டார்கள். வலி இல்லாததால் அவர் தீபாவளி வரை தைத்து முடித்தார். பண்டிகை முடிந்த மறுநாள் காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்ததால் மனைவி கையோடு அழைத்து வந்தார். ரத்தக்கறையைப் பார்த்ததிலிருந்து எங்களிடம் வந்து சேரும் வரை மூன்று நாள். வலி இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் அவரால் மிதியை மிதித்திருக்க முடியாது.

பரிசோதனையில் கண்டது

இரண்டு காலும் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக ஓடியிருந்தது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பும் தளர்ந்திருப்பதை வறட்சி காட்டும். வலது பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு, அதன் நடுவே காயம். சிவப்பு ஓரிரு சென்டிமீட்டருக்குள்தான். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தது. இரத்த ஓட்டம் சரியாக இருந்தது பெரிய ஆறுதல். காயம் ஆறுவது அதைப் பொறுத்தது.

அடுத்து மோனோஃபிலமென்ட் சோதனை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை அது. முதலில் கையில் தொட்டுக்காட்டி, பிறகு கண்ணை மூடச்சொல்லிப் பாதத்தில் தொட வேண்டும். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே போகக்கூடாது. பட்டதும் அவராகச் சொல்ல வேண்டும். காய்ப்பின் மேல் வைக்கக்கூடாது. ஐயா கண்ணை மூடி, சீரான இடைவெளியில் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இழையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதும் "ம்" வந்தது. கண்ணைத் திறக்கச் சொல்லி, இதில் பாஸ் ஃபெயில் எதுவும் இல்லை, பட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லி மறுபடி தொடங்கினோம். இரண்டு பெருவிரல்களிலும் முன்பாதத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நடுப்பாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது. கணுக்காலுக்கு மேல் தெளிவாகத் தெரிந்தது.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தபோது, "ஜில்லுனு இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். கணுக்கால் எலும்பில் அதிர்வு தெரிந்தது. அதிர்வு எந்த அளவில் உணரப்படுகிறது என்று அளக்கும் பயோதெசியோமீட்டரில் வலது 34, இடது 31 வோல்ட். 25-ஐத் தாண்டினாலே புண் வரும் அபாயம் அதிகம் என்று கொள்கிறோம். குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டியபோது அனிச்சை அசைவு வரவில்லை, முழங்காலில் வந்தது. படுத்திருந்து எழுந்து நின்றபோது இரத்த அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை.

நிலை ஓரளவு விளங்கிவிட்டது. இரண்டு காலிலும் ஒரே அளவில், விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கி ஏறிவரும் பாதிப்பு. நீரிழிவு நரம்பு பாதிப்பில் மிகவும் பரவலான வடிவம் இதுதான். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, முதலில் அடிபடுபவையும் அவையே.

ஆனால் ஒன்று அதில் பொருந்தவில்லை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய் எழுப்பிவிடும் என்றும், கையை உதறினால் சரியாகும் என்றும் சொன்னார். கால் வழியாக ஏறிவரும் பாதிப்பு பொதுவாக முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் கைவிரல் நுனிகளைத் தொடும். இவருக்குக் கணுக்காலையே தாண்டவில்லை. சுண்டுவிரலை விட்டுவிட்டு மூன்று விரல்களை மட்டும் அது பிடிக்கவும் செய்யாது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம். போதாததற்கு முப்பது வருடக் கத்தரிக்கோல் பிடி வேறு.

இரத்தப் பரிசோதனையில், முந்தைய இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 சதவீதம். தைராய்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருந்தன. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் சற்று அதிகம். வைட்டமின் பி12, மில்லிலிட்டருக்கு 152 பிகோகிராம். 200-க்குக் கீழே போனால் குறைபாடு. எக்ஸ்ரேயில் ஊசித் துண்டோ எலும்பில் மாற்றமோ இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சர்க்கரை இருக்கிறது, கால் மரத்திருக்கிறது, ஆகவே காரணம் சர்க்கரைதான் என்று டாக்டர் அங்கேயே நிறுத்தவில்லை. நீரிழிவு நரம்பு பாதிப்பு என்பது மற்றக் காரணங்களை விலக்கிய பிறகு சொல்லவேண்டிய முடிவு. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களிடம் பி12 குறைவது நன்றாக அறியப்பட்ட விஷயம். அந்தக் குறைபாடு தரும் மரப்பும் தள்ளாட்டமும் நீரிழிவு தருவதைப் போலவே இருக்கும். சரிசெய்யக்கூடிய காரணம் என்பதால் அதைத் தவறவிடக்கூடாது. இவருக்கு இரண்டும் கலந்திருந்தன. உணர்ச்சி குறைந்த தேமல் எங்காவது இருக்கிறதா, முழங்கை, முழங்கால் அருகே நரம்பு தடித்திருக்கிறதா என்றும் டாக்டர் பார்த்தார். நம் ஊரில் தொழுநோயை நினைத்துப் பார்க்காமல் விடமுடியாது. அதற்கான அறிகுறி இல்லை. பி12 ஊசி முதலில் நெருக்கமாகவும் பிறகு மாதம் ஒன்றாகவும் போடப்பட்டது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. மெடிக்கலில் வாங்கிப் போட்டுவந்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னோம். அப்படிப்பட்ட சிலவற்றில் இருக்கும் பி6, அதிக அளவில் நீண்ட காலம் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இது மெடிக்கலில் பலருக்கும் சொல்லப்படாத தகவல்.

காலுக்கு நரம்புக் கடத்தல் சோதனை தேவைப்படவில்லை. கைக்காகத்தான் அதை எடுத்தோம். மணிக்கட்டில் நெருக்கம் இருப்பது உறுதியானது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கொடுத்தோம்.

காய்ப்பைச் சீவி, காயத்தைச் சுத்தம் செய்து, அந்த இடத்தில் பாரம் விழாதபடி ஃபெல்ட் என்ற தடித்த துணித்திண்டை ஒட்டி, ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள்.

சர்க்கரையைக் குறைப்பதில் அவசரப்படவில்லை. இது வீட்டாருக்குப் புரியச் சற்று நேரமானது. உயரத்திலேயே பழகிய சர்க்கரையைச் சில வாரங்களில் சடாரென்று இறக்கினால் நரம்பு எரிச்சல் திடீரென மோசமாவது உண்டு. விழித்திரைக் கோளாறும் கூடலாம். இரவில் குறைந்த அளவு இன்சுலின் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். முதலில் விழித்திரையைப் பார்த்துவிட்டோம், ஆரம்பநிலை மாற்றங்கள் மட்டுமே இருந்தன.

எரிச்சலுக்கு முதலில் பிரிகாபலின் கொடுக்கப்பட்டது. தூக்கம் வந்தது, ஆனால் காலையில் தலை கிறுகிறுத்தது, கால் வீங்கியது. கத்தரியும் மெஷினும் கையாளும் ஒருவருக்கு அந்த மந்தம் ஆகாது. குறைத்து நிறுத்தி டியூலாக்செட்டினுக்கு மாற்றினார்கள். முதல் வாரம் குமட்டல் இருந்தது, பிறகு ஒத்துக்கொண்டது. இந்த மாத்திரைகள் எரிச்சலை அடக்குமே தவிர, மரத்த இடத்தில் உணர்ச்சியைத் திருப்பித் தராது என்பதைத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டோம். எரிச்சல் போனதும் கால் குணமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த நினைப்பில்தான் மறுபடி வெறுங்காலில் நடக்கிறார்கள்.

மிதி விஷயம் தெரிந்ததும் நான் கேட்ட அடுத்த கேள்வி, வண்டி ஓட்டுகிறீர்களா என்பது. பைக் ஓட்டினார். பின் பிரேக் வலது காலில். இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும் மகனின் ஸ்கூட்டருக்கு மாறச் சொன்னோம். அவர் முகம் சுருங்கியது. அந்த பைக் இருபது வருடமாக அவரோடு இருப்பது. மகன்தான் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். மெஷினுக்கு, வேகத்தை ஓர் அளவுக்கு மேல் போகாமல் நிறுத்திவைக்கும் சர்வோ மோட்டார் போட்டுக்கொண்டார்.

கடைக்குள் அணிய தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு, பின்பட்டையோடு. இந்த மிருதுவான ரப்பர் அடிப்பாகம் நம் நாட்டில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகப் பரவலாகப் பயன்பட்டு, பிறகு நீரிழிவு நோயாளிகளுக்கும் வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் பிற்பகுதியில் பணிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவது பெரும்பாலும் வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயங்களால்தான் என்று எடுத்துக்காட்டினார். இன்று நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யும் பல காரியங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. கடையின் தரைக்கு, தினமும் பூட்டும் முன் காந்தத்தை ஓட்டி எடுக்கும் வேலை பையன் பொறுப்பில் வந்தது.

பாதயாத்திரை

காயம் மூன்று வாரத்தில் மூடியது. மார்கழியில் வந்தபோது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போவதாகச் சொன்னார். வருடந்தோறும் மாலை போட்டு வெறுங்காலில் போகிறவர். போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினால் எங்களிடம் சொல்லாமல் நடப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். புதிதாக மூடிய தோல், உணர்ச்சியற்ற முன்பாதம், தார்ச்சாலை, பல நாள் நடை. இதை அவர் காலின் படத்தைப் போனில் எடுத்து அவரிடமே காட்டிப் பேசினோம். தன் உள்ளங்காலை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்.

முடிவை அவரே எடுத்தார். பஸ்ஸில் பழனி, மலைக்கு விஞ்ச், செருப்பு ஆகாத இடத்தில் கெட்டியான வெள்ளை காட்டன் சாக்ஸ். வெள்ளை ஏனென்றால் கசிவு இருந்தால் உடனே தெரியும். "முருகனுக்கு என் காலு தெரியும்" என்றார். திரும்பி வந்த அன்றிரவே மனைவி இரண்டு காலையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எங்களுக்குப் போன் செய்தார்.

ஒரு வருடத்தில் நிலை

ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தில் 8.1, ஒன்பது மாதத்தில் 7.2. பி12 சரியான அளவுக்கு வந்தது. எரிச்சல் முழுவதும் போகவில்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. முகம் கழுவும்போது தடுமாறுவது குறைந்தது. அதில் பி12-க்குப் பங்கு இருக்கலாம் என்று டாக்டர் கருதுகிறார். கைவிரல் மரப்பு பட்டையிலேயே அடங்கியது, அறுவை தேவைப்படவில்லை. பெருவிரல்களிலும் முன்பாதத்திலும் மோனோஃபிலமென்ட் இன்றும் தெரிவதில்லை. நரம்பு அந்த அளவுக்குப் போன பிறகு அது திரும்பும் என்று நாங்கள் யாருக்கும் நம்பிக்கை கொடுப்பதில்லை.

ஐப்பசியில் புதுச் செருப்பின் வார் உராய்ந்து இடது சுண்டுவிரலில் நீர்க்கொப்புளம் வந்தது. அவருக்குத் தெரியவில்லை. இரவு கால் பார்க்கும் நேரத்தில் மனைவி பார்த்தார், மறுநாள் காலை இங்கே இருந்தார்கள். நான்கு நாளில் காய்ந்தது.

நாங்கள் மாற்றிக்கொண்டது

இவருக்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் கேள்விகள் மாறின. கால் மரத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வருகிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா, கண்ணை மூடினால் தள்ளுகிறதா, படுத்ததும் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டுகிறீர்களா, தரையில் நடப்பது மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறதா என்று கேட்கிறோம். வேலையைப் பற்றியும் கேட்கிறோம். ஓட்டுநரிடம் கிளட்ச், நடவுக்குப் போகும் அம்மாவிடம் முள், டீ மாஸ்டரிடம் சூடு. கூட வந்தவரைத் தனியாகக் கேட்பதும் உண்டு. பாதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, ஆண்மைக் குறைவு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு வராமலே போவது ஆகியவையும் நரம்பு பாதிப்பாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

டாக்டர் அறைக்குள் போகுமுன் எல்லோரும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றி உட்கார்கிறார்கள். மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பி12 பார்க்கிறோம்.

எவை காத்திருக்கக்கூடாதவை என்பதைச் சீட்டின் பின்புறம் அச்சிட்டுத் தருகிறோம். ஒரே காலில் மட்டும் திடீரென வரும் மரப்பு அல்லது பலவீனம், சில நாட்களிலேயே மளமளவென்று மேலே ஏறும் மரப்பு, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக வீங்குவது, எந்தப் புண்ணாக இருந்தாலும் அதில் நாற்றம், கருமை, காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும். பாதம் மட்டும் சூடாக வீங்குவதைப் பலர் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடப்பதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

அந்த ஐயா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். காய்ப்பு மறுபடி கட்டத் தொடங்கியிருப்பதால், அடுத்த முறை செருப்பின் உள்தட்டை மாற்றி அளவெடுக்க வேண்டும்.